எல்லை கடக்கும் பாரவூர்திகள் டீசலை எங்கே வாங்குகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டே, ஒன்ராறியோவில் பாரவூர்தி ஓட்டும் உறவினர்களின் ஓட்டக் கணக்கையும் எரிபொருள் பற்றுச்சீட்டுகளையும் பதிந்து கொடுப்பது என் வேலை. ஏ9 வீதியில் லொறி ஓடுபவர்களும், கனடாவுக்குப் போய் கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுக்க நினைப்பவர்களும், இந்தக் கணக்கைப் பழக வரும் பிள்ளைகளும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்கட லொறிக்கு எங்க அடிச்சாலும் ஒரே விலைதானே. அங்க மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கினம்?

இலங்கையில் டீசலுக்கான வரியை மத்திய அரசாங்கமே விதிக்கிறது. வடக்கு மாகாணமோ வடமத்திய மாகாணமோ தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்ப்பதில்லை. ஆகவே பரந்தனில் நெல் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகிற ஒருவர், பெற்றோல் செட்டைத் தெரிவு செய்யும்போது வரியைப் பற்றி நினைக்கவேண்டியதில்லை. பம்பின் அளவு சரியாக இருக்கிறதா, மண்ணெண்ணெய் கலக்கிறார்களா, மாதக் கணக்கில் கடன் தருவார்களா, மாத முடிவில் விலை ஏறப்போகிறதா என்பவைதான் அவருடைய கவலைகள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் டீசலுக்குத் தனித்தனி வரி வைத்திருக்கிறது. ரெக்சாஸில் ஒரு கலனுக்கு 20 சதம். ஒகாயோவில் 2019 யூலையிலிருந்து 47 சதம். பென்சில்வேனியாவில் 2024இல் 74.1 சதம். கனடாவிலும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது: ஒன்ராறியோவில் 2022 யூலையில் குறைக்கப்பட்ட பின் லீற்றருக்கு 9 சதம், பக்கத்துக் கியூபெக்கில் 20.2 சதம். ரொறன்ரோவில் புறப்படும் வண்டி ஒரே நாளில் இப்படியான மூன்று நான்கு எல்லைகளைக் கடந்துவிடும். இவற்றுக்கு மேல் மத்திய அரசுகளின் வரியும் உண்டு. அமெரிக்காவில் கலனுக்கு 24.4 சதம், கனடாவில் லீற்றருக்கு 4 சதம். ஒரு நாட்டுக்குள் எங்கே வாங்கினாலும் அது மாறாது என்பதால், மாநிலங்களை ஒப்பிடும்போது அதைக் கருத்தில் எடுக்கவேண்டியதில்லை.

அப்ப வரி குறைஞ்ச மாநிலத்தில தாங்கியை நிரப்பிக்கொண்டு போனாச் சரிதானே?

சரியில்லை. என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். பாரவூர்திகளைப் பொறுத்தவரை, மாநில வரி டீசலை வாங்கிய இடத்துக்கு உரியதாகக் கருதப்படுவதில்லை. அந்த டீசலை எரித்து ஓடிய வீதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கே அது உரியது. ஒகாயோவில் 47 சத வரியுடன் வாங்கிய ஒரு கலனைப் பென்சில்வேனியாவில் ஓடித் தீர்த்தால், 74.1 சதத்துக்கு வரவேண்டிய மிகுதி 27.1 சதத்தைக் காலாண்டு முடிவில் கட்டவேண்டும். மாறி நடந்தால் கூடுதலாகக் கட்டியது வரவாகத் திரும்பும்.

இதற்கான ஏற்பாட்டின் பெயர் சர்வதேச எரிபொருள் வரி உடன்படிக்கை. ஓட்டுநர்கள் இஃப்டா என்பார்கள். 1983இல் அரிசோனா, அயோவா, வொஷிங்ரன் ஆகிய மூன்று மாநிலங்கள் பரீட்சார்த்தமாகத் தொடங்கியதை, 1991இல் அமெரிக்க மத்திய சட்டம் ஒன்று மற்ற மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. இன்று ஒன்றோடொன்று ஒட்டியுள்ள 48 அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இதில் இருக்கின்றன. அலாஸ்காவும் ஹவாயும் கனடாவின் மூன்று வடக்குப் பிரதேசங்களும் இதில் சேரவில்லை. இதற்கு முன்னர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. இப்போது ஒன்ராறியோ வண்டிக்காரர் ஒன்ராறியோ நிதி அமைச்சுக்கு ஒரே ஒரு படிவம் கொடுத்தால் போதும், யாருக்கு எவ்வளவு போகவேண்டும் என்பதை அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

இஃப்டா கணக்கை எப்படிப் போடுறது? ஒரு உதாரணம் காட்டுங்கோ அக்கா.

ஒரு வண்டி ஒரு காலாண்டில் ஒகாயோவிலும் பென்சில்வேனியாவிலும் மட்டும் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஒகாயோவில் 6,000 மைல், பென்சில்வேனியாவில் 9,000 மைல், ஆக 15,000 மைல். வாங்கிய டீசல் ஒகாயோவில் 2,200 கலன், பென்சில்வேனியாவில் 300 கலன், ஆக 2,500 கலன். முதலில் மொத்த மைலை மொத்தக் கலனால் வகுக்கவேண்டும்: கலனுக்கு 6 மைல். இந்தச் சராசரியை வைத்து ஒவ்வொரு மாநிலத்திலும் எரிந்த அளவைப் பெறலாம்: ஒகாயோவில் 1,000 கலன், பென்சில்வேனியாவில் 1,500 கலன்.

ஒகாயோவில் எரித்ததைவிட 1,200 கலன் கூடுதலாக வாங்கியிருப்பதால், 47 சதப்படி 564 டொலர் வரவு. பென்சில்வேனியாவில் எரித்ததைவிட 1,200 கலன் குறைவாக வாங்கியிருப்பதால், 74.1 சதப்படி 889.20 டொலர் பற்று. கட்டவேண்டியது 325.20 டொலர். ஓடிய மாநிலங்கள் பதினைந்தாக இருந்தாலும் முறை இதுதான். வரிசைகள் மட்டும் நீளும். பல வண்டிகள் வைத்திருப்பவர் எல்லா வண்டிகளின் மைலையும் கலனையும் சேர்த்தே சராசரி எடுக்கவேண்டும்.

அப்ப கடைசியில எல்லாம் சமனாகுதெண்டா, எங்க அடிச்சாலும் ஒண்டுதானே?

வரி சமனாகிவிடும், டீசலின் அடக்க விலை சமனாவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பக்கத்தின் பாதி விளங்கியது போலத்தான். பலகையில் போட்டிருக்கும் விலையிலிருந்து அந்த மாநிலத்தின் வரியைக் கழித்தால் வருவதுதான் வண்டிக்காரருக்கு உண்மையான விலை.

உதாரணத்துக்கு, ஒகாயோவில் ஒரு கலன் 3.89 டொலர், எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் 4.09 டொலர் என்று பலகைகள் சொல்கின்றன. கார் ஓட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு ஒகாயோவில் நிரப்பலாம். பாரவூர்திக்காரர் 3.89இலிருந்து 0.47ஐக் கழித்தால் 3.42, 4.09இலிருந்து 0.741ஐக் கழித்தால் 3.349. 20 சதம் கூடுதலாகத் தெரிந்த இடம்தான் கலனுக்கு 7.1 சதம் மலிவு. 150 கலன் நிரப்பினால் 10.65 டொலர் மிச்சம். ஒரு தடவைக்கு அது தேநீர்ச் செலவு போலத்தான் தெரியும். வாரத்துக்கு மூன்று தடவை நிரப்பும் ஐந்து வண்டிகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எரிபொருள் அட்டையில் கிடைக்கும் கழிவு இருந்தால், முதலில் அதைப் பலகை விலையிலிருந்து கழித்துவிட்டு, பிறகு வரியைக் கழிக்கவேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கழிவே மாநில வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. அதனால் ஒரே சங்கிலிக் கடையில் மட்டும் நிரப்பச் சொல்லி ஓட்டுநருக்குக் கட்டளை வருவதில் வியப்பில்லை.

இது எல்லா வண்டிக்கும் பொருந்துமோ?

மாநில எல்லையைக் கடப்பதாக இருந்து, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் இருந்தால் எடை எதுவானாலும் பொருந்தும். இரண்டு அச்சு வண்டியாக இருந்தால் மொத்த எடை 26,000 இறாத்தலுக்கு, அதாவது 11,797 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். இழுவையுடன் சேர்த்து அந்த எடையைத் தாண்டினாலும் பொருந்தும். உரிமம் பெற்ற வண்டியின் இரு கதவுப் பக்கங்களிலும் அந்த ஆண்டுக்குரிய ஒட்டிகள் இருக்கும். ஒரே மாநிலத்துக்குள் ஓடுபவருக்கு இந்தக் கணக்கு இல்லை; அவருக்குப் பலகை விலைதான் விலை.

வரி விகிதத் தாள் போன வருசத்தது ஒண்டு இருக்கு. அது காணாதோ?

காணாது. விகிதங்கள் காலாண்டுக்குக் காலாண்டு மாறக்கூடியவை. ரெக்சாஸ் 1991இலிருந்து 20 சதத்தில் நிற்கிறது என்பதற்காக மற்ற மாநிலங்களும் அப்படி என்று எண்ணக்கூடாது. இஃப்டா ஒவ்வொரு காலாண்டுக்கும் வெளியிடும் அட்டவணையில் அமெரிக்க அலகிலும் கனேடிய அலகிலும் விகிதங்கள் இருக்கும். அந்தக் காலாண்டில் ஓடிய ஓட்டத்துக்கு அந்தக் காலாண்டின் அட்டவணைதான். படிவங்களுக்கான கடைசி நாட்கள் ஏப்ரல் 30, யூலை 31, ஒக்ரோபர் 31, சனவரி 31. பிந்தினால் 50 டொலர் அல்லது கட்டவேண்டிய தொகையின் 10 சதவீதம், இரண்டில் எது கூடவோ அது தண்டம், வட்டி வேறு.

கலன், லீற்றர், மைல், கிலோமீற்றர், ரெண்டு நாட்டு டொலர் எண்டு எல்லாம் கலந்து வருது. எதில எழுதுறது?

ஒன்ராறியோவில் பதிந்த வண்டிக்கு லீற்றர், கிலோமீற்றர், கனேடிய டொலர். ஒரு அமெரிக்க கலன் 3.785 லீற்றர், ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். எங்கள் பழைய ஆட்கள் சொல்லும் கலன் 4.546 லீற்றர் கொண்ட பிரித்தானியக் கலன், அதை இங்கே கொண்டுவராதீர்கள். நான் பற்றுச்சீட்டில் உள்ளதை உள்ளபடியே ஒரு நிரலில் பதிந்து, மாற்றிய எண்ணை அடுத்த நிரலில் வைப்பேன். மாற்றிய எண்ணை மட்டும் பதிந்தால், பின்னர் ஐயம் வரும்போது பற்றுச்சீட்டோடு ஒப்பிடவே முடியாது.

ஒன்ராறியோவில அடிச்சா எச்எஸ்ரி திரும்பி வருமாமே?

ஒன்ராறியோவில் பம்ப் விலைக்குள் 13 சதவீத எச்எஸ்ரியும் (மத்திய, மாகாண விற்பனை வரிகள் சேர்ந்த ஒரே வரி) அடங்கியிருக்கும். பதிவு பெற்ற பாரவூர்தித் தொழில் செய்பவர் அந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். ஆகவே ஒன்ராறியோ விலையை அமெரிக்க விலையோடு ஒப்பிடும்போது இரண்டு தடவை கழிக்கவேண்டும். லீற்றர் 1.695 டொலர் என்றால், 1.13ஆல் வகுக்க 1.50, அதில் மாகாண வரி 9 சதத்தைக் கழிக்க 1.41. பிறகுதான் நாணயமாற்று. எச்எஸ்ரியைக் கழிக்காமல் ஒப்பிட்டுவிட்டு, அமெரிக்காவில்தான் எப்போதும் மலிவு என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் அமெரிக்காவில் மலிவுதான். ஆனால் அவர்கள் நினைக்குமளவு மலிவு இல்லை. இது இஃப்டாவில் சேராத வேறு கணக்கு என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஓரிகனில டீசலுக்கு வரியே இல்லையாம். அங்க நிரப்பினா லாபந்தானே?

ஓரிகனில் 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வண்டிகள் டீசல் வரிக்குப் பதிலாக, எடையையும் ஓடிய மைலையும் வைத்துக் கணக்கிடும் வேறொரு வரியைக் கட்டுகின்றன. அதனால் பம்பில் மாநில வரி இல்லாத விலை தெரிகிறது. அந்த டீசலோடு கலிபோர்னியாவுக்குள் இறங்கினால், முன்பு சொன்ன விதிப்படி அங்கே எரித்த ஒவ்வொரு கலனுக்கும் கலிபோர்னியா வரி முழுதாக வரும். கழிப்பதற்கு ஓரிகனில் கட்டிய வரி ஒன்றும் இருக்காது. ஒப்பிடுவதென்றால் ஓரிகன் விலையை அப்படியே எடுத்து, அண்டை மாநில விலைகளில் வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் அது மலிவாக இருந்தால் தாராளமாக நிரப்பலாம்.

மைலுக்கு வரி வாங்குவது ஓரிகன் மட்டுமன்று. நியூயோர்க், கென்ரக்கி, நியூ மெக்சிக்கோ ஆகியவையும் எடை, தூரம் சார்ந்த வரிகளைத் தனியாக வாங்குகின்றன. எங்கே டீசல் வாங்கினாலும் அவை மாறாது என்பதால் எரிபொருள் முடிவில் அவற்றுக்கு இடமில்லை. பாதையைத் தெரிவு செய்யும்போது மட்டும் பார்க்கலாம்.

கென்ரக்கியிலேயே அடிச்சு கென்ரக்கியிலேயே ஓடினம். பிறகும் காசு கேக்கினம், ஏன்?

கென்ரக்கி வழமையான வரிக்கு மேல் ஒரு மேலதிக வரியும் வைத்திருக்கிறது. அது பம்பில் அறவிடப்படுவதில்லை. அங்கே எரித்த மொத்தக் கலனுக்கும் இஃப்டா படிவத்தின் வழியாகவே கட்டவேண்டும். படிவத்தில் கென்ரக்கிக்கு இரண்டு வரிசைகள் வருவதைக் கண்டு பிழையென்று ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

பற்றுச்சீட்டில என்னென்னத்தைப் பார்த்துப் பதியவேணும்?

திகதி, விற்றவரின் பெயரும் முகவரியும், எரிபொருள் வகை, அளவு, விலை, வண்டி இலக்கம், வாங்கியவரின் பெயர் ஆகியவை தெரியவேண்டும். வட்ஸ்அப்பில் வரும் படத்தை உடனே திறந்து பாருங்கள்; வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து வண்டியின் முன்கண்ணாடிக்கு அருகில் இரண்டு கிழமை கிடந்தால் வெளிறிப்போய், அளவு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கோடு மட்டும் மிஞ்சும்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது ஒரே பற்றுச்சீட்டில் மூன்று வரிசைகள் இருக்கும்போதுதான். முதல் வரிசை வண்டித் தாங்கிக்கு அடித்த டீசல், இரண்டாவது குளிரூட்டிப் பெட்டியின் இயந்திரத்துக்கு அடித்த டீசல், மூன்றாவது புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் டெஃப் என்ற திரவம். இஃப்டாவுக்கு முதல் வரிசை மட்டுமே சேரும். டெஃப் எரிபொருளே இல்லை. குளிரூட்டிக்கு அடித்தது வண்டியை ஓட்டுவதில்லை. மூன்றையும் கூட்டிப் பதிந்தால் கலன் வீங்கி, கலனுக்கான மைல் குறைந்து, எல்லா மாநிலங்களின் கணக்கும் பிழைத்துவிடும்.

குளிரூட்டிக்கு அடிக்கிற சிவப்பு டீசல் மலிவாம். அதை வண்டிக்கு ஊத்தினா என்ன?

சாயமிட்ட டீசல் வீதி வரி இல்லாமல் விற்கப்படுவது. வீதியில் ஓடும் வண்டியின் தாங்கியில் அது இருப்பதே குற்றம். பரிசோதகர் தாங்கிக்குள் ஒரு குழாயை விட்டு எடுத்துப் பார்த்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க மத்திய அரசின் தண்டம் மட்டும் 1,000 டொலர் அல்லது கலனுக்கு 10 டொலர், எது கூடவோ அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது; அந்தக் கெட்டித்தனத்தை அங்கே காட்டப் போகவேண்டாம்.

நான் இஞ்சை இருந்து மலிவான இடத்தைக் கணக்குப் போட்டு அனுப்பினாலும், மச்சான் வேற இடத்தில அடிக்கிறார். ஏன்?

அவருக்குத் தெரிகிற பல விடயங்கள் எங்கள் திரையில் தெரிவதில்லை. டீசல் கலனுக்கு ஏறத்தாழ 7 இறாத்தல் எடை. மொத்த எடை 80,000 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்ற இடத்தில், பாரமான சுமையோடு இருக்கும் வண்டி இரு தாங்கிகளையும் நிரப்பினால் தராசில் பிடிபடும். அனுமதிக்கப்பட்ட ஓட்ட நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது, ஆறு சதத்துக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வரிசையில் நிற்க முடியாது.

குளிர்காலத்தில் இன்னொன்றும் சேரும். தெற்கு மாநிலங்களில் விற்கும் டீசல் கடுங்குளிருக்கு ஏற்றவாறு தயாரிக்கப்பட்டதன்று. அதை நிறைத்துக்கொண்டு வடக்கே ஏறினால் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்து வண்டி நின்றுவிடும். ஆகவே வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, வடக்கில் குளிர்காலக் கலவையால் நிரப்புகிறார்கள். ஓமந்தை வெயிலில் டீசல் அடித்துப் பழகிய நமக்கு இது தானாகத் தோன்றாது. என் அபிப்பிராயத்தில், ஒரே ஒரு இடத்தைக் கட்டளையாக அனுப்பாமல், பாதையில் வரும் இரண்டு மூன்று இடங்களை வரி கழித்த விலையோடு அனுப்பிவிட்டு முடிவை அவரிடம் விடுவதே நல்லது.

வரி கூடின மாநிலத்தில அடிச்சா காலாண்டு முடிவில காசு திரும்பி வருமெண்டு சிலர் அப்பிடிச் செய்யினம். அது லாபமோ?

லாபமில்லை, தங்கள் காசையே முன்கூட்டிக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுகிறார்கள். பென்சில்வேனியாவில் தேவைக்கு மேல் வாங்கினால் கூடுதலாகக் கட்டிய வரி வரவாகும், ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. வரி கழித்த விலை அங்கே கூடுதலாக இருந்திருந்தால் நட்டமும் உண்டு. இருந்தாலும், காலாண்டு முடிவில் பெரிய தொகை ஒன்றை ஒரேயடியாகக் கட்டப் பணம் சேர்த்துவைக்க முடியாத ஒற்றை வண்டிக்காரர் சிலர் தெரிந்தே இதைச் செய்கிறார்கள். அது சீட்டுப் பிடிப்பது போன்ற கட்டாயச் சேமிப்பு, அவ்வளவுதான்.

வேறொருவரின் நிறுவனத்தின் கீழ் தன் சொந்த வண்டியை ஓட்டுபவர் ஒப்பந்தத்தைக் கவனமாக வாசிக்கவேண்டும். டீசல் விலை வரியோடு அவருடைய சம்பளத்தில் கழிக்கப்பட்டு, இஃப்டா வரவு மட்டும் நிறுவனத்துக்குப் போகும்படி எழுதியிருந்தால், அவருக்குப் பலகை விலையே விலையாகிவிடும். மேலே சொன்ன கணக்கு முழுவதும் வேறொருவருடைய லாபத்துக்காக ஆகிவிடும்.

இந்தியாவில லொறிக்காரர் எல்லையில நிண்டு அடிக்கிறதை வீடியோவில பார்த்தன். அவையளுக்கும் இஃப்டா இருக்கோ?

இல்லை. இந்தியாவில் டீசல் பொருள் சேவை வரிக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் விற்பனை வரியை விதிக்கிறது, விற்ற மாநிலத்துக்கே அது சொந்தம். பின்னர் மைலை வைத்துச் சரிசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், எல்லைக்கு முன் மலிவான மாநிலத்தில் நிரப்பிக்கொள்வது அங்கே சரியான முடிவு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதையே ஒகாயோவில் செய்யச் சொல்வதில்தான் பிழை.

பில் ஒண்டு துலைஞ்சுபோச்சு. அதைப் பேசாமல் விட்டா வரி குறையுமோ கூடுமோ?

இரண்டும் நடக்கலாம் என்பதுதான் விசித்திரம். முதல் உதாரணத்தையே எடுங்கள். ஒகாயோவில் வாங்கிய 200 கலனைக் கணக்கில் காட்டாமல் விட்டால், மொத்தக் கலன் 2,300 ஆகி, வண்டி கலனுக்கு 6.52 மைல் ஓடியதாகத் தெரியும், எரிந்த அளவு ஒகாயோவில் 920, பென்சில்வேனியாவில் 1,380 என்று குறையும், வரி 325.20இலிருந்து 292.68 டொலருக்கு இறங்கும். அதே 200 கலனைப் பென்சில்வேனியாப் பக்கத்தில் விட்டால், வரி 346.88 டொலருக்கு ஏறும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் மகிழவேண்டாம். தாங்கிக்குள் போன கலன் முழுவதையும், பற்றுச்சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மொத்தத்தில் காட்டவேண்டும் என்பதே விதி. பற்றுச்சீட்டு இல்லாததற்கு வரி கட்டிய வரவை மட்டும் கோரக்கூடாது. சரியான முறைப்படி அந்த ஒகாயோப் பற்றுச்சீட்டு தொலைந்ததால் ஏற்படும் நட்டம் 94 டொலர். விற்றவரிடமோ அட்டை நிறுவனத்திடமோ பிரதி கேட்டு வாங்கினால் அதுவும் இல்லை.

ஒவ்வொரு மாநிலமும் மாகாணமும் தன்னிடம் பதிந்தவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதத்தினரைக் கணக்காய்வு செய்யவேண்டும் என்பது உடன்படிக்கை. ஆவணங்களை நான்கு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். ஆய்வாளர் அட்டை நிறுவனத்தின் கூற்றையும் ஜிபிஎஸ் தரவையும் படிவத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பாரமான வண்டி திடீரென்று கலனுக்கு ஒன்பது மைல் ஓடியிருந்தால் முதலில் தேடுவது விடுபட்ட பற்றுச்சீட்டைத்தான். ஆவணங்கள் போதாதென்று அவர் கண்டால், வண்டி கலனுக்கு 4 மைல் மட்டுமே ஓடியதாக வைத்து முழுக் கணக்கையும் திரும்பப் போட அவருக்கு அதிகாரம் உண்டு. 6 மைல் ஓடும் வண்டிக்கு அப்படிப் போட்டால், ஒவ்வொரு மாநிலத்திலும் எரிந்ததாகக் காட்டப்படும் கலன் ஒன்றரை மடங்காகிவிடும்.